கைநாட்டு: ஜங்கிப்பூர் முதல் வங்கிக் கணக்கு வரை

(சற்றே நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் கடைசி ஐந்தாறு பத்திகளை மட்டுமாவது படித்துவிடுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.)

கொல்கத்தாவில் நான் தங்கி ஆய்வு செய்துவரும் விடுதியின் சமையற்கூடத்தில் ஒரு மாசி இருக்கிறார். தாயின் உடன்பிறந்தவளை வங்காளத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். வீட்டு வேலைக்கும் விடுதி வேலைக்கும் வரும் நடுவயதுப் பெண்களுக்கும் அதுவே விளி. சென்ற ஆண்டு ஒரு காலையில் அவர் தம் கைபேசியை என்னிடம் நீட்டி, வந்திருந்த குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்லச் சொன்னார். கணக்கிலிருந்து பத்தாயிரம் ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது. முந்தைய நாளும் ஒரு பத்தாயிரம் போயிருந்தது. அவர் எந்த இணைப்பையும் தொடவில்லை, யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை; ஏடிஎம் அட்டையைப் பெட்டியைவிட்டு வெளியில் எடுத்ததே இல்லை. காவல் நிலையத்தில் முதற்கேள்வி, "ஓடிபியை யாரிடம் சொன்னாய்?" வங்கியிலும் அதே கேள்வி. சொல்லவில்லை என்று அவர் சொன்னதை இரண்டு இடத்திலும் ஒருவரும் நம்பவில்லை.

ஆனால் ஓடிபி தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஊர்ப்புறத்து வங்கி முகவரின் சிறு இயந்திரத்தில் ஒருமுறைக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை எடுக்கலாம். ஏஇபிஎஸ் என்பது அதன் சுருக்கப்பெயர். மாசியின் விரல், மாசியிடமிருந்து வெகு தொலைவில், அவரில்லாமலேயே பணம் எடுத்திருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் தம்பியோடு சேர்ந்து சொந்த ஊரிலிருந்த வீட்டுமனையை அவர் விற்றிருந்தார். பத்திரத்தில் பத்து விரல்களையும் பதித்துக் கொடுத்திருந்தார்.

ரேகை போன வழி அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பத்திரம், விரல்ரேகை, வங்காளம் என்னும் மூன்றும் ஒருங்கே வந்தபோது, மொழியியல் படித்துவிட்டு ஆவணங்களின் மொழியில் ஆய்வு செய்யும் எனக்கு ஹூக்ளி மாவட்டம் நினைவுக்கு வராமலில்லை. இந்தக் கதை தொடங்கிய இடம் எங்கள் விடுதியிலிருந்து மிகத் தொலைவில் இல்லை.

1858ஆம் ஆண்டு ஜூலை மாதம். பெருங்கிளர்ச்சியின் கனல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. பாகீரதி ஆற்றங்கரையிலுள்ள ஜங்கிப்பூரில் வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் என்னும் இளம் ஆங்கில அதிகாரி இருந்தார். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலின் பேரன் இவர். சாலை போடுவதற்கான கல்லை வழங்க ராஜ்யதர் கோனாய் என்னும் ஒப்பந்தக்காரரோடு உடன்படிக்கை எழுதினார். கோனாய் தம் கையால் எழுதிக் கையொப்பமும் இட்டார். அதன்பிறகு ஹெர்ஷல் ஒரு வேடிக்கை செய்தார். அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய்மையைக் கோனாயின் உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் அழுத்தச் செய்தார்.

எதற்காக? ரேகையை ஒப்பிட்டு ஆளைக் கண்டறியும் எண்ணமெல்லாம் அப்போது அவருக்கு இல்லை. பின்னாளில், கையொப்பம் தன்னுடையதல்ல என்று கோனாய் மறுக்காதபடி அச்சுறுத்தவே அவ்வாறு செய்ததாக அவரே எழுதிவைத்தார். எழுதத் தெரிந்த ஒருவரின் எழுத்தை நம்பாமல் அவருடைய உடம்பைச் சான்றாகக் கேட்டதே இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் நிகழ்ச்சி என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். விரல்ரேகை எழுத்தறியாதோர்க்கான வசதியாகத் தோன்றியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. முதல் ரேகையைத் தந்தவர் எழுத்தறிந்தவர்.

எழுதத் தெரியாதவர்களுக்கு அதற்கு முன்பே வேறு ஏற்பாடுகள் இருந்தன. இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது பேச அனுமதியுங்கள். என் துறையின் பலவீனம் அது. நம் பழைய ஆவணங்களில் எழுதத் தெரியாதவர் இடும் கீறல் 'தற்குறி' எனப்பட்டது. தன்னுடைய குறி என்பதே பொருள். அருகில் இன்னொருவர் அதற்குச் சான்று எழுதுவார். குறியைக் குறித்த சொல் நாளடைவில் குறியிட்டவரைக் குறித்தது; இன்று அது வசைச்சொல். 'கைநாட்டு' என்பதற்கும் அதே கதி நேர்ந்தது. இந்தியில் 'அங்கூட்டா சாப்' என்றால் கட்டைவிரல் பதிவு. ஒருவரை அப்படிச் சொன்னால் எழுத்தறிவற்றவர் என்னும் இழிவு. வங்காளத்தில் 'டிப் ஷோய்'. டிப் என்பது விரல்நுனியால் அழுத்துவது (நெற்றிப்பொட்டுக்கும் அதே சொல்தான்). ஷோய் என்பது 'சரியானது' எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்த கையொப்பம். இந்தியாவின் எந்தப் பக்கம் போனாலும் விரலால் ஒப்பமிடுவது தாழ்வாகவே பேசப்பட்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜங்கிப்பூருக்குப் பிறகு ஹெர்ஷல் விடவில்லை. நண்பர்கள், அதிகாரிகள், தம் குடும்பத்தார் என்று கண்டவர் கைகளையெல்லாம் பதித்துச் சேர்த்தார். ஆண்டுகள் கழித்து அதே விரலை மீண்டும் பதித்துப் பார்த்தபோது ரேகை மாறவே இல்லை. 1860ஆம் ஆண்டு நதியா மாவட்டத்தில் இருந்தபோது, அவுரி விவசாயிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் இடையே போலி ஒப்பந்தங்கள் பற்றிய வழக்குகள் குவிந்தன. ஒப்பந்தங்களில் விரல்பதிவைக் கட்டாயமாக்கலாம் என்று அவர் முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை. 1877இல் ஹூக்ளியின் மாஜிஸ்ட்ரேட் ஆனபோது கேட்கவேண்டிய தேவையே இல்லை; தாமே தொடங்கிவிட்டார். ஓய்வூதியம் பெறுவோர், சிறைக் கைதிகள், பத்திரம் பதிவோர் ஆகிய மூன்று தரப்பாரிடம் விரல்ரேகை வாங்கினார்.

ஓய்வூதியத்தில் அவர் அஞ்சியது, இறந்தவர் பெயரில் வேறொருவர் பணம் வாங்குவதை. 2014இல் தொடங்கப்பட்ட ஜீவன் பிரமாண் என்னும் இணையவழி உயிர்ச்சான்றும் அதற்காகத்தான் விரலை வைக்கச் சொல்கிறது. பத்திரப்பதிவில் அவர் அஞ்சியது ஆள்மாறாட்டத்தை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் 2001இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட பிரிவொன்று, சொத்தை விற்பவரும் வாங்குபவரும் நிழற்படமும் விரல்ரேகையும் தரவேண்டும் என்கிறது. ஹூக்ளியில் ஒரு தனிமனிதர் செய்துபார்த்தது நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

ஹெர்ஷலிடம் ஒரு குறை இருந்தது. ரேகைகள் குவிந்தன, அவற்றுள் தேடும் வழி இல்லை. இருபதாயிரம் தாள்களுள் ஒன்றை எப்படி எடுப்பது? இதற்கு விடை கண்டது கொல்கத்தா. வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்திய உதவி ஆய்வாளர்களே பெரும்பகுதியைச் செய்தவர்கள். ஹக் பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். அவர்களுடைய முறை எளிது. பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, இணைக்கு முறையே 16, 8, 4, 2, 1 என மதிப்புத் தரவேண்டும். விரலில் சுழி இருந்தால் அந்த மதிப்பைக் கொள்ள வேண்டும், இல்லையேல் சுழியம். இணைகளில் முதல் விரல்களின் கூட்டுத்தொகை ஒருபுறம், இரண்டாம் விரல்களின் கூட்டுத்தொகை மறுபுறம். இரண்டோடும் ஒன்றைக் கூட்டினால் ஒவ்வொன்றும் 1 முதல் 32 வரை ஏதோ ஓர் எண்ணாக அமையும். முப்பத்திரண்டு வரிசை, முப்பத்திரண்டு பத்தி, மொத்தம் 1,024 அறைகள் கொண்ட அலமாரி. எந்தத் தாள் வந்தாலும் அது போகவேண்டிய அறை உடனே தெரியும். கணினி படித்தவர்கள் 1,024 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். உண்டு, இல்லை என்னும் இரண்டே விடைகளைப் பத்து விரல்களுக்குக் கேட்டால் வரும் எண்தான் அது. மின்சாரக் கணினிக்கு அரை நூற்றாண்டு முன்பே மரத்தாலும் தாளாலும் ஓர் இரும எண் தரவுத்தளம் கொல்கத்தாவில் இயங்கியது. 1897இல் அங்கே உலகின் முதல் விரல்ரேகை அலுவலகம் அமைந்தது. முறைக்கு வைத்த பெயரோ 'ஹென்றி முறை'. அவர் 1901இல் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய்ப் புகழ்பெற்றார். ஹக், போஸ் பங்களிப்பை ஒப்புக்கொள்ளப் பல்லாண்டு ஆயிற்று.

அந்த அலமாரிக்குக் கிடைத்த முதற்பெரும் வெற்றியும் வங்காளத்தில்தான். ஜல்பைகுரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடந்தார், பணப்பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. பெட்டியிலிருந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் மீது பழுப்புநிறக் கறை ஒன்று. முன்பு தண்டனை பெற்ற ஒரு பணியாளரின் வலது கட்டைவிரலோடு அது பொருந்தியது. நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டித்தது; கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. விரல் அங்கே பட்டது உறுதி, கொன்றது உறுதியல்ல என்ற அந்தத் தீர்ப்பின் நிதானத்தை நான் மதிக்கிறேன். விரல் பட்டதற்கும் அந்த மனிதர் ஒரு செயலைச் செய்ததற்கும் இடையே தூரம் உண்டு என்பதை அந்த நீதிமன்றம் அறிந்திருந்தது. மாசியின் வங்கிக்கு அது தெரியவில்லை.

குற்றவாளிகளுக்கென்று வளர்ந்த முறை குற்றவாளி அல்லாதோர் மீதும் பரவியபோது எதிர்ப்பு வந்தது. 1906இல் டிரான்ஸ்வாலில் இந்தியர் யாவரும் விரல்ரேகை தந்து பதிந்துகொள்ள வேண்டுமென்ற ஆணை வந்தது. காந்தி ஹென்றியின் நூலைத் தேடிப் படித்தார். சட்டப்படி குற்றவாளிகளிடம் மட்டுமே ரேகை வாங்கப்படுகிறது என்று அதிலிருந்து அறிந்துகொண்டார். செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் திரண்டோர் அடிபணியமாட்டோம் என உறுதியேற்றனர். அங்கே பிறந்தது சத்தியாக்கிரகம். இக்கதையில் ஒரு முடிச்சும் உண்டு: 1908இல் அரசோடு உடன்பாடு கண்டு, கட்டாயமின்றித் தாமே முன்வந்து ரேகை தரக் காந்தி சம்மதித்தார். பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகம் நோக்கிச் சென்றவரைச் சினமுற்ற மீர் ஆலம் என்னும் பட்டாணியர் தாக்கினார். தடுக்க முயன்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். அடிபட்டுக் கிடந்த நிலையிலும் காந்தி ரேகை தந்தார். அரசு வாக்குத் தவறியதும் ஆகஸ்டில் பதிவுச் சான்றுகள் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. கட்டாயத்தால் தருவதும் விரும்பித் தருவதும் ஒன்றல்ல என்பது அவருடைய வாதம். இன்றும் எந்தச் செயலியும் "அனுமதிக்கிறேன்" என்னும் பொத்தானைக் காட்டும்போது இந்த வேறுபாடுதான் கேள்விக்குள்ளாகிறது.

தமிழ்நாட்டில் இக்கதை இரத்தத்தோடு கலந்தது. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை மக்கள் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். சட்டத்தின் பெயரை மாற்றிச் சொன்னதில் அதன் சாரத்தைக் கண்டுகொண்ட கூர்மை இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை தர மறுத்துத் திரண்ட பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர்.

இனி வேகமாக வருகிறேன். 2009இல் தனித்துவ அடையாள ஆணையம் அமைந்தது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்துத் தெம்பலி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26இல் வேறோர் அமர்வு ஆதாரைச் சில வரம்புகளோடு ஏற்றது. இவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதிவிட்டார்கள்.

நான் சொல்லவந்தது வேறு. ஹெர்ஷலின் அலமாரியில் இருந்த ரேகை பூட்டிய அறைக்குள் இருந்தது. அதைக் களவாட ஹூக்ளிக்கே போகவேண்டும். களவாடினாலும் பயனில்லை, அதைக் கொண்டு எதையும் திறக்க முடியாது. நம் காலத்தில் இரண்டும் மாறிவிட்டன. பத்திர நகல்கள் இணையத்துக்கு வந்தன. அவற்றோடு ரேகைகளும் வந்தன. அதே ரேகை வங்கிக்கணக்கின் திறவுகோலும் ஆனது. 2018இல் தெலங்கானாவில் பிடிபட்ட ஒருவர் இணையத்தில் கிடைத்த நிலப்பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை செய்வதுபோல் வார்த்து, பிறர் பெயரில் சிம் அட்டைகளை இயக்கியிருந்தார். இதற்கு மேதைமை தேவையில்லை. யோகஹாமாவில் மட்சுமோட்டோ என்னும் ஆய்வாளர் ஜெலட்டினால் விரல் செய்து ரேகைக் கருவிகளை ஏமாற்றிக்காட்டியது 2002ஆம் ஆண்டிலேயே. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் களவு போயின. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். அந்த 56 லட்சம் பேர் எதை மாற்றுவார்கள்?

கையொப்பத்தை ஒருவர் விழித்திருந்து, சம்மதித்து இடவேண்டும். விரலைத் தூங்கும்போதும் எடுத்து வைத்துவிடலாம். ரேகை 'நான் இன்னார்' என்று சொல்லக்கூடும். 'நான் சம்மதிக்கிறேன்' என்று சொல்லாது. முன்னதுக்கு உரியதைப் பின்னதுக்குப் பயன்படுத்தியதே பிழை என்பது என் துணிபு.

இனி, செய்யக்கூடியவை. ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ எம்-ஆதார் செயலியிலோ பயோமெட்ரிக் பூட்டு என்னும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் உங்கள் ரேகையையோ கருவிழியையோ முகத்தையோ கொண்டு எவரும் எங்கும் சரிபார்க்க முடியாது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். இதற்கு உங்கள் கைபேசி எண் ஆதாரோடு பதிவாகியிருக்க வேண்டும். முதலில் அதைச் சரிபாருங்கள். பலர் என்றோ தொலைத்த எண்ணைக் கொடுத்துவைத்திருப்பார்கள். அதே தளத்தில், உங்கள் ஆதார் எப்போதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்னும் ஆறுமாதப் பதிவையும் காணலாம். அறிமுகமில்லாத தேதி இருந்தால் விசாரியுங்கள்.

விடுதி, வாடகை வீடு என நகல் கேட்குமிடங்களில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். அதையும் ஆணையத்தின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். சொத்துப் பத்திரம் பதிந்தவர்கள் அன்று மாலையே பூட்டிவிடுவது நல்லது.

பணம் போய்விட்டால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் தந்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் நேர்ந்த இழப்பை, செய்தி கிடைத்து மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர்மேல் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. கிளையில் இருப்பவர் அதை அறியாதவராக இருக்கக்கூடும். அச்செடுத்துக் கொண்டுபோங்கள். மாசியோடு நான் மூன்றாம் முறை போனபோதுதான் அந்தத் தாளைக் கொண்டுபோனேன். முதல்முறையே கொண்டுபோயிருக்க வேண்டும். பணம் திரும்ப நான்கு மாதமாயிற்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாசிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் மேதினிப்பூரில் நடந்த முழு எழுத்தறிவு இயக்கத்தில், நம்மூர் அறிவொளிபோல, மாலைநேரத்தில் கற்றுக்கொண்டது. விடுதிச் சம்பளப் பதிவேட்டில் மூன்று சொற்களாலான தம் முழுப்பெயரை நிதானமாக எழுதுவார், அவசரப்படுத்தினால் பிடிக்காது. இனி எந்நாளும் டிப் ஷோய் வைக்கமாட்டேன் என்று அந்தக் காலத்தில் மாமியாரிடம் சொன்னாராம். வங்கி, ரேஷன் கடை, பத்திர அலுவலகம் மூன்றும் அவரிடம் மறுபடியும் விரலைத்தான் கேட்டன.

இப்போது அவர் ரேகை பூட்டியிருக்கிறது. ரேஷன் வாங்கும் நாளில் காலையில் என்னைத் தேடி வருவார். நான் அவர் கைபேசியில் பூட்டைத் திறந்து கொடுப்பேன். அவர் பையோடு விரைந்து நடப்பார். பத்து நிமிடத்துக்குள் வரிசை நகராவிட்டால் கடையிலிருந்து அழைப்பார். ஓடிபியைப் படித்துச் சொல்லச் சொன்னால் மட்டும், நானே கேட்டாலும், ஒருகணம் தயங்குகிறார்.